ஆய்வகச் சாவி ஆறாம் வகுப்புக்கும் கிடைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை ஒட்டி நம் மாவட்டத்துப் பள்ளிகளில் நடந்த கண்காட்சிப் படங்களைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். தெர்மாகோல் சூரியக் குடும்பம், சோடா உப்பில் வினிகர் ஊற்றினால் நுரை கக்கும் எரிமலை, மழைநீர் சேகரிப்பு வீடு. பக்கத்தில் துவைத்து மடித்த சீருடையில் பிள்ளைகள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருத்தமும் சேர்ந்தே வந்தது. அந்தத் தெர்மாகோல் மாதிரிகளில் பெரும்பாலானவற்றை முதல் நாள் ராத்திரி அப்பாவோ அக்காவோ ஒட்டிக் கொடுத்திருப்பார்கள், இல்லை என்றால் கடையில் வாங்கியிருப்பார்கள். பிள்ளை மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பித்துவிட்டு நின்றிருக்கும். எனக்கு இது தெரியும், ஏனென்றால் அப்படிப்பட்ட கண்காட்சிகளுக்கு மேசை தூக்கிப்போட்டவனே நான்தான்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தவன். 1989-ல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலை கிடைத்தது. 2024-ல் ஓய்வு பெற்றேன். முப்பத்தைந்து வருஷம் பியூரெட் கழுவினேன், அமிலப் புட்டிக்கு லேபிள் ஒட்டினேன், தவளையும் கரப்பான்பூச்சியும் பிடித்து வந்த காலமும் உண்டு. நான் ஆசிரியர் இல்லை, பாடம் நடத்தும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை முதல்முறை சோதனைக்குழாயைக் கையில் வாங்கும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்பதை என் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உண்டு. ஆய்வகம் ஒன்று. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டுவோம். மேல்நிலை வகுப்புக்கு நடுநடுவே சில நாள் திறக்கும். மற்றபடி பொங்கல் விடுமுறை முடிந்த பிறகுதான் அந்த அறைக்கு உயிர் வரும், ஏனென்றால் அடுத்துச் செய்முறைத் தேர்வு. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. மேல்நிலையில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. முன்பு 200 மதிப்பெண் இருந்தபோது எழுத்து 150, செய்முறை 50. கணக்கு மாறியது, பழக்கம் மாறவில்லை. ஐந்து வாரத்தில் எல்லாச் சோதனையையும் ஓட்டி முடிப்போம். ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகள் அந்த ஐந்து வாரமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். வாயு தயாரிக்கும் கிப் கருவியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், திரும்பவும் வருவார்கள். நானே பல தடவை "போங்கடா வகுப்புக்கு" என்று விரட்டியிருக்கிறேன்.

ஏன் விரட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. சோதனைக்குழாய் எத்தனை, கூம்புக் குடுவை எத்தனை, பிப்பெட் எத்தனை என்று அதில் இருக்கும். வருஷக் கடைசியில் சரிபார்ப்பார்கள். உடைந்தது என்றால் யார் உடைத்தார்கள், எப்போது, ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும். நான் சேர்ந்த புதிதில், உடைந்த இரண்டு பிப்பெட்டுக்கும் ஒரு வெப்பமானிக்கும் என் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த புத்தி, பூட்டியே வைத்தால் உடையாது என்பதுதான். பல ஊர்களில் ஆய்வகம் பூட்டிக் கிடப்பதற்குப் பணம் இல்லாததும் ஆள் இல்லாததும் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பதிவேட்டின் மேல் இருக்கும் பயமும் பெரிய காரணம். ஆசிரியர்களுக்கும் அதே பயம்தான்.

என் புத்தி மாறியது ஆரத்தித் தண்ணீரால்.

ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜன்னலில் நின்று, "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றான். முதல் நாள் அவன் அக்காவுக்குச் சடங்கு. "எங்கம்மா தண்ணியில மஞ்சத்தூள்தான் போட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். அப்புறம் எப்படி சார் செவப்பாச்சு?" சுண்ணாம்பு போட்டிருப்பார்கள் என்றேன். "சுண்ணாம்பு வெள்ளைதானே?" என்றான். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பு எப்படி வரும்? கேள்வி நியாயமானது. அன்றைக்கு அவர்கள் அறிவியல் ஆசிரியை ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அந்த வகுப்பையே உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தேன்.

மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு வாளி. சோதனைக்குழாய் ஆளுக்கொன்று. சுண்ணாம்பு என் வெற்றிலைப் பொட்டலத்தில் இருந்தது. ஒரு துளி விட்டதும் குழாய் முழுக்க ரத்தச் சிவப்பு. இதுவரை வீட்டில் பார்த்ததுதான். அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் சத்துணவுக் கூடத்துக்கு ஓடிப்போய்க் கொஞ்சம் புளி வாங்கி வந்தாள். கரைத்து ஊற்றினாள். சிவப்பு போய் மறுபடி மஞ்சள்! அந்த அறையில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எலுமிச்சை, மோர், சோப்புத் தண்ணீர், சாம்பல் கரைத்த தண்ணீர் என்று எல்லாம் வந்துவிட்டது. எது மஞ்சளைச் சிவப்பாக்கும், எது திருப்பிக் கொண்டுவரும் என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக அவர்களே எழுதினார்கள். கேள்வி கேட்ட பையன் தன் குழாயிலேயே சுண்ணாம்பும் புளியும் மாற்றி மாற்றி விட்டு, எத்தனை தடவை போய்த் திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஏழாவது தடவை குழாய் நிரம்பி வழிந்தது.

அமிலம், காரம் என்ற சொற்களை நான் அன்றைக்கு உச்சரிக்கவே இல்லை. அடுத்த வாரம் ஆசிரியை வந்து அந்த இரண்டு பத்திக்கும் பெயர் வைத்தார். பெயர் பிறகு வந்ததால் அது ஒட்டிக்கொண்டது. அந்த ஆசிரியை நல்லவர். அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு தடவையாவது என்னிடம் சாவி கேட்க ஆரம்பித்தார். உடைந்த குழாய்கள்? அன்றைக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள். உடைந்தது ஒன்று.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிச் செய்முறை சரிப்படாது, அதனால்தான் சின்னவர்களை உள்ளே விடுவதில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரே மாதிரி கூடாது என்பது சரி. அதற்காகக் கதவைச் சாத்துவானேன்? ஒரே பொருளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு வேலை கொடுக்க முடியும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் விதைநெல் தேர்வு செய்ய ஒரு வழி உண்டு. வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுவார்கள். அது அடியில் கிடக்கும். முட்டை மேலே வந்து நாலணா அளவுக்குத் தலைகாட்டும் வரை உப்பைப் போட்டுக் கலக்குவார்கள். அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவிளைச்சலும் மிதக்கும், திடமான விதை அடியில் தங்கும். மிதந்ததை அள்ளி எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைப்பார்கள். எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே தொடக்கப் பள்ளி. அங்கே இருந்து நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டி வந்தார்கள். அவர்களுக்கு வேலை ரொம்பச் சின்னது. கையால் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கு, முட்டையைப் பார், என்ன நடக்கிறது என்று உன் வாயால் சொல். அவ்வளவுதான். எடையும் இல்லை, எண்ணும் இல்லை. முட்டை அசைந்து எழும்பும் அந்த நொடிக்காக இருபது தலைகள் ஒரு வாளியின் மேல் முட்டிக்கொண்டு நின்றன.

ஏழாம் வகுப்பில் அடர்த்தி பாடம் வருகிறது. அவர்களுக்குத் தராசைக் கொடுத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர், பத்துப் பத்துக் கிராமாக உப்பு. எத்தனை கிராமில் முட்டை மிதக்கிறது என்று எழுத வேண்டும். ஐந்து குழு. நாலு குழுவுக்கு நூற்றைம்பதை ஒட்டி வந்தது. ஐந்தாவது குழுவின் முட்டை அதில் பாதி உப்புக்கே மிதந்துவிட்டது. "நீங்க தப்பா எடை போட்டீங்க" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். திரும்ப எடை போட்டார்கள், தராசை மாற்றினார்கள், அதே விடைதான். கடைசியில் அந்தக் குழுவில் இருந்த பெண் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "பழைய முட்டையா இருக்கும் சார். எங்கம்மா தண்ணியில போட்டுத்தான் பாத்து வாங்குவாங்க. மெதந்தா வேணாம்பாங்க." உடைத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. முட்டை பழசாக ஆக உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகிறது, கனம் குறைகிறது, அதனால் சீக்கிரம் மிதக்கிறது. அதை அந்த வகுப்புக்குச் சொன்னது அவள். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பெண் என்று ஆசிரியை பிறகு என்னிடம் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம். மிதப்பு விசை, ஆர்க்கிமிடீஸ் தத்துவம், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் நீர்மமானி எல்லாம் வருகின்றன. அவர்களிடம் முட்டையைக் கொடுக்காமல் ஒரு பழைய ஸ்ட்ராவும் களிமண்ணும் கொடுத்து, உப்புத் தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கருவியை நீங்களே செய்யுங்கள் என்றார் ஆசிரியர். முதல் நாள் எல்லாம் கவிழ்ந்தன. களிமண்ணை எவ்வளவு, எங்கே வைப்பது என்று பிடிபட இரண்டு பாடவேளை ஆனது. புத்தகத்தில் உள்ள நீர்மமானிப் படத்தில் அடிக்குமிழில் ஏன் பாதரசமோ ஈயக் குண்டோ இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேல்நிலை வகுப்புக்கு வந்தால், அங்கே கொடுக்க வேண்டியது பிழையைப் பற்றிய பழக்கம். இதில்தான் எனக்கு மனம் ரொம்ப வேகும். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எல்லாப் பிள்ளைக்கும் 9.8 வந்துவிடும். எப்படி? விடையை முதலில் எழுதி, அதற்குத் தக்க அலைவு நேரத்தைப் பின்னால் எழுதிக்கொள்வார்கள். அண்ணன்மாரின் பழைய ரெக்கார்டு நோட்டு கை மாறி வரும். ஊசல் ஆடுவதை நிமிர்ந்து பார்க்காத பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கும். கொடுத்த உப்பு எது என்று சோதித்துச் சொல்லும் உப்பு ஆய்வு இன்னும் மோசம். நீலமாக இருந்தால் தாமிரம் என்று தெரியும். மற்றதெல்லாம், "அண்ணே, என்ன உப்புண்ணே? சொல்லுங்கண்ணே" என்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சும். மனம் கேட்காமல் நான் சொன்ன நாட்களும் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. பதினேழு வயது வரை, பத்தாம் வகுப்பின் அந்தச் சில வாரம் தவிர, ஒரு குழாயையும் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டு, திடீரென்று இருபது மதிப்பெண்ணை முன்னால் வைத்துத் தொடு என்றால், கை நடுங்கத்தான் செய்யும். பிப்பெட்டில் இருபது மில்லி உறிஞ்சி எடுக்கும்போது விரலை எப்போது வைப்பது என்று தெரியாமல் மூன்று தடவை விட்டுவிட்டு அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரே ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த இடம் எவ்வளவு அழகு! அதைப் பார்த்து ரசிக்க அவளுக்கு நேரமே இல்லை, வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர் சி.வி. ராமன் 1928-ல் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பைச் செய்த நாளைத்தான் 1987 முதல் அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். திருவானைக்காவலில் பிறந்தவர் அவர். கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். ஆரம்பச் சோதனைகளில் சூரிய வெளிச்சம்தான் விளக்கு, வண்ண வடிகட்டிகள், அப்புறம் பார்க்கும் கண். ராமனின் நாளில் பிள்ளைகள் தெர்மாகோலுக்குப் பக்கத்தில் நின்று ஒப்பிப்பதைவிட, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிச் சில்லைக் காகிதத்தால் மூடி, சின்ன ஓட்டை போட்டு, வெயிலைச் சுவரில் விழவைத்துப் பார்த்தால் போதும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் தூரச் சுவரில் விழுவது வட்டம். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டைப் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அரையாண்டு விடுமுறை. ஆனாலும் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லில் காலை ஒன்பதரை வாக்கில் சுவரில் ஒரு மோதிரம் விழுந்தது. வேப்பமர நிழலில் தரையெல்லாம் குட்டிக் குட்டி வளையம். எதிர்வீட்டுப் பெரியம்மா தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டினார். நின்றது. கிரகணத்தால்தான் நிற்கிறது என்றார். பிள்ளைகள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் அதே உலக்கையைக் கேட்டு வாங்கி, அதே தாம்பாளத்தில் நிறுத்தினார்கள். நின்றது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவரும் பார்த்தார்.

புதிதாக யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு பள்ளிகளில் தொடங்கி, 2002 வரை முப்பது வருஷம், ஆறு முதல் எட்டு வரையிலான கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்தே அறிவியல் படித்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழை 1987 முதல் பிள்ளைகளுக்காகவே நடத்துகிறது. எங்கள் ஆய்வகத்தில் நான் செய்த பாதி வேலைக்கு யோசனை அதிலிருந்து வந்ததுதான். அரசும் சும்மா இல்லை. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்று 13,000-க்கும் அதிகமான அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளிடம் போயிருக்கிறது. பையில் பொருட்களோடு தன்னார்வலர் வருவார். நான் பார்த்தவர்கள் எல்லாம் சின்ன வயசு, நல்ல உற்சாகம். ஆனால் எங்கள் பள்ளியில் அவர் மரத்தடியில் பலூனை வைத்துக் காற்றழுத்தம் காட்டிக்கொண்டிருப்பார், பத்தடி தள்ளி ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். அவர் போன பிறகு அந்தப் பிள்ளைகள் அதைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு குடுவைகூடக் கிடைக்காது.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள். வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது, ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஆய்வகத்துக்கு என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் தொடக்கப் பள்ளி இருந்தால் அவர்களுக்கு மாதம் ஒருநாள். அமில அலமாரியைப் பூட்டியே வையுங்கள், அந்த வயசுக்கு அமிலம் வேண்டாம். புளியும் உப்பும் காந்தமும் லென்சும் போதும். உடைசலுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு அளவை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்குள் உடைந்தால் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை என்று ஆணை போடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கதவுகள் திறந்துவிடும். 2015-ல் தேர்வு எழுதி அப்புறம் வேலைக்கு வந்த இளம் ஆய்வக உதவியாளர்கள் பலர் பட்டம் படித்தவர்கள். அவர்களை அலுவலகக் கடிதம் எழுதவும் தபால் எடுத்துப் போகவும் மட்டும் வைத்திருக்காமல் அறையில் இருக்க விடுங்கள்.

கண்காட்சிக்கு மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதிரியின் அழகைப் பார்க்காமல், "இதில் உனக்கு எது சரியாக வரவில்லை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையில் செய்த பிள்ளைக்கு அதற்குப் பதில் நிறைய இருக்கும்.

என் வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த பள்ளி சைக்கிளில் பத்து நிமிஷம். சம்பளம் எதுவும் வேண்டாம். புதன்கிழமைதோறும் மதியம் வந்து, குழாய் எடுத்துக் கொடுத்து, கழுவி வைத்துவிட்டுப் போகத் தயாராக இருக்கிறேன் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலிடத்து அனுமதி வந்தால் சொல்வதாகச் சொன்னார்கள். காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.